டவுன்னா கீழே இல்ல

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். செகண்ட் இயர் முடியற வரைக்கும் டவுன் சிண்ட்ரோம்ங்கற பேர்ல வர்ற டவுனுக்கு 'கீழே'ன்னுதான் அர்த்தம்னு நினைச்சுட்டு இருந்தேன். மத்தவங்களைவிட மூளை வளர்ச்சி கொஞ்சம் கீழே இருக்கு, அதனால டவுன். எல்கேஜி-லேர்ந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நான். அந்த வார்த்தைக்கு வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்னு எனக்குத் தோணவே இல்ல. உங்கள்ல எத்தனை பேர் இப்படி நினைச்சிருக்கீங்கன்னு தெரியல. கை தூக்க வேண்டாம், மனசுக்குள்ள ஒத்துக்கிட்டா போதும்.

போன வருஷம் என்எஸ்எஸ்-ல ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனோம். உங்கள்ல சில பேர் அந்த பஸ்ல இருந்தீங்க. பிஸ்கட் பாக்கெட், கலர் பென்சில், ஒரு பேனர். போய் இறங்கின உடனே குரூப் போட்டோ. கொஞ்ச நேரத்துல ஒரு அண்ணன் பெரிய தட்டுல டீ கொண்டு வந்தார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். முகத்தைப் பார்த்ததும் டவுன் சிண்ட்ரோம்னு புரிஞ்சது. எல்லாருக்கும் ஒரு கப், ஒரு பிஸ்கட்னு எண்ணி எண்ணிக் கொடுத்தார். நான் ரெண்டு பிஸ்கட் எடுத்தேன். கடைசியில உக்காந்திருந்த பொண்ணுக்கு இல்லாமப் போயிடும்னு சொல்லி, ஒண்ணைத் திரும்ப வாங்கிட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சார். கிளம்பறப்போ அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களான்னு கேட்டார். வருவேன்னு சொன்னேன்.

போகல. ஃபோட்டோ மட்டும் ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

அந்த உறுத்தல்லதான் ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து இதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, டவுன்ங்கறது ஒரு மனுஷனோட பேர். ஜான் லாங்டன் டவுன். இங்கிலாந்து டாக்டர். அவர் இறந்து நூத்து இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகுது. பேரை உலகத்துக்கே தெரியும், ஆளை யாருக்கும் தெரியாது. அவரோட கதையை உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. அவர் ஒரு பெரிய தப்பும் பண்ணியிருக்கார். அதையும் மறைக்காம சொல்றேன்.

மழை, ஒரு குடிசை, ஒரு பொண்ணு

1828 நவம்பர் 18. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில கார்ன்வால்னு ஒரு பகுதி. அங்க டார்பாயிண்ட்ங்கற சின்ன ஊர்ல ஜான் பிறந்தார். அப்பாவுக்கு மருந்துக் கடை. அப்ப இருந்த வழக்கப்படி மருந்தோட மளிகைச் சாமானும் விக்கிற கடை. பையன் நல்லாப் படிச்சாலும், 14 வயசுலேயே ஸ்கூலை நிறுத்திட்டு கடையில உக்கார வெச்சுட்டாங்க. பொட்டலம் கட்டறது, மருந்து அரைக்கறது, கணக்கு எழுதறது, இதுதான் வேலை. நம்ம ஊர்ல அப்பா கடையைப் பாத்துக்க பிளஸ் டூவோட நின்னுட்ட பசங்க உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அப்படி ஒரு பையன்னு வெச்சுக்கோங்க.

1846 கோடை காலம். குடும்பத்தோட வெளியூர் போயிருந்தப்போ நல்ல மழை பிடிச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த ஒரு குடிசை வீட்டுல ஒதுங்கினாங்க. அந்த வீட்டுல மனவளர்ச்சி குறைந்த ஒரு பொண்ணு இருந்தா. வந்தவங்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து உபசரிச்சது அவதான். ஜானுக்கு அப்ப பதினேழு, பதினெட்டு வயசு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்ய முடியாதாங்கற கேள்வி அன்னிக்கு மனசுல விழுந்தது. பல வருஷம் கழிச்சு, பெரிய டாக்டரான பிறகு, அந்தக் கேள்வி தன்னை விடாம துரத்திக்கிட்டே இருந்துச்சுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார்.

இந்த இடத்துக்கு வந்தப்போ நான் போனைக் கீழே வெச்சுட்டேன். அவரையும் ஒருத்தி உபசரிச்சா, என்னையும் ஒருத்தர் உபசரிச்சார். அவர் மனசுல ஒரு கேள்வி தங்குச்சு. என் போன்ல ஒரு ஃபோட்டோ தங்குச்சு.

லேட்டா வந்த ஸ்டூடண்ட்

உடனே கிளம்பி டாக்டருக்குப் படிச்சார்னு நினைச்சுடாதீங்க. சினிமா மாதிரி எல்லாம் நடக்கல. 18 வயசுல லண்டன் போனார். ஒயிட்சேப்பல்ங்கற ஏழைகள் நிறைஞ்ச பகுதியில ஒரு சர்ஜன்கிட்ட உதவியாளர் வேலை. பல்லு பிடுங்கறது, நோயாளிங்களுக்கு ரத்தம் எடுத்து விடறது (அந்தக் காலத்துல அதுவும் ஒரு வைத்தியம்), பாட்டில் கழுவறது, மருந்து கலந்து கொடுக்கறது. அப்புறம் மருந்தியல் சங்கத்தோட லேப்ல சேர்ந்து ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில பரிசு வாங்கினார். நம்ம ஃபிசிக்ஸ் புக்ல வர்ற அதே மைக்கேல் ஃபாரடேவோட வாயுக்கள் பத்தின ஆராய்ச்சியில உதவினார். நடுவுல உடம்பு சரியில்லாம ஊருக்குத் திரும்பினார், கடையையும் பாத்துக்கிட்டார்.

1853-ல அப்பா இறந்துட்டார். அந்த வருஷம்தான் லண்டன் ஹாஸ்பிட்டல்ல மருத்துவ மாணவரா சேர்ந்தார். கூடப் படிச்சவங்களைவிட வயசு அதிகம். ஆனா கிளாஸ்ல முதல் வரிசை. பரிசுகள், பதக்கங்கள்னு வாங்கி 1856-ல டாக்டரானார். நம்ம பாஷையில சொல்லணும்னா பெரிய பிளேஸ்மென்ட் எல்லாம் காத்திருந்த ஆள். லண்டன்லேயே பெரிய ஹாஸ்பிட்டல்ல உக்காந்து பேரும் பணமும் சம்பாதிச்சிருக்கலாம்.

1858-ல அவர் எடுத்த வேலையைப் பார்த்து கூட இருந்தவங்க ஆச்சரியப்பட்டாங்க. சர்ரே மாவட்டத்துல ரெட்ஹில் பக்கத்துல ஏர்ல்ஸ்வுட்னு ஒரு காப்பகம். அதோட முழுப் பேர்லேயே 'இடியட்ஸ்' ங்கற வார்த்தை இருக்கும். நாம கிளாஸ்ல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிற அதே வார்த்தைதான். அப்ப அது மருத்துவ வார்த்தை. அறிவு வளர்ச்சி குறைந்தவங்களை ரிப்போர்ட்லேயே அப்படித்தான் எழுதுவாங்க. அந்தக் காப்பகத்துக்கு மருத்துவக் கண்காணிப்பாளரா ஜான் போனார். அவருக்கு முப்பது வயசு முடியல. மனநல மருத்துவத்துல முன் அனுபவமும் கிடையாது.

கத்தியும் முள்கரண்டியும்

ஏர்ல்ஸ்வுட் திறந்து அப்ப மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. ஆனா நிலைமை மோசம். சுத்தம் கிடையாது. அடி உண்டு. அரசாங்கத்துலேர்ந்து வந்து பார்த்தவங்களே நல்லபடியா ரிப்போர்ட் கொடுக்கல. அங்க இருந்தவங்களைப் பத்தி வெளியே இருந்தவங்களோட நினைப்பும் சிம்பிள்தான்: இவங்களால எதுவும் கத்துக்க முடியாது, சோறு போட்டு ஒரு ஓரமா வெச்சா போதும்.

ஜான் முதல்ல அடியை நிறுத்தினார். குளியல், துணி, சாப்பாடு, காத்தோட்டம்னு அடிப்படையான விஷயங்களைச் சரி பண்ணினார். அப்புறம் ஒரு வேலை செஞ்சார், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எல்லாரையும் மேசையில உக்கார வெச்சு, மத்த இங்கிலீஷ்காரங்க மாதிரியே கத்தியும் முள்கரண்டியும் வெச்சு சாப்பிடப் பழக்கினார். படிச்சப்போ இதுல என்ன இருக்குன்னு தோணுச்சு. கொஞ்சம் யோசிச்சா புரியும். ஒருத்தர் கையில கத்தியைக் கொடுக்கணும்னா முதல்ல அவரை நம்பணும். குத்திக்குவான், அடுத்தவனைக் குத்திடுவான்னு பயந்து ஸ்பூன்லேயே ஊட்டிக்கிட்டு இருந்தா, அவர் வாழ்நாள் முழுக்க குழந்தைதான்.

தச்சு வேலை, தோட்ட வேலை, தையல்னு கைத்தொழிலும் கத்துக் கொடுத்தாங்க. ஏர்ல்ஸ்வுட்ல ஜேம்ஸ் ஹென்றி புல்லன்னு ஒருத்தர் இருந்தார். காது கேக்காது, பேச்சும் சரியா வராது. அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்ல, ஆனா கதையில அவருக்கு இடம் உண்டு. மரத்துலயும் தந்தத்துலயும் அவர் செஞ்ச கப்பல் மாடல்கள் அந்தக் காலத்துலேயே பேர் வாங்கினது. கிரேட் ஈஸ்டர்ன்ங்கற பிரம்மாண்ட கப்பலோட மாடலை, ஒவ்வொரு பார்ட்டையும் தானே வரைஞ்சு, தானே செஞ்சு முடிச்சார். மெக்கானிக்கல் பசங்க கண்டிப்பா ஒரு தடவை அதோட படத்தைத் தேடிப் பாருங்க. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்டை எல்லாம் மூடி வெச்சுடலாம்.

1860-ல ஜான், மேரி கிரெல்லினைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மேரி இல்லாம இந்தக் கதை இல்ல. காப்பகத்துலேயே குடியிருந்து, அங்க இருந்தவங்களைப் பாத்துக்கறது, நிர்வாகம்னு பாதி வேலையை அவங்கதான் இழுத்தாங்க. சம்பளம் மட்டும் கிடையாது.

1866: பெரிய தப்பு

இப்ப கஷ்டமான பகுதிக்கு வர்றோம்.

ஜானுக்கு ஃபோட்டோகிராஃபியில ஆர்வம். கேமரா புதுசா வந்த காலம். ஏர்ல்ஸ்வுட்ல இருந்தவங்களை ஒவ்வொருத்தரா நல்ல டிரஸ் போட வெச்சு, நாற்காலியில உக்கார வெச்சு எடுத்தார். அந்தப் படங்கள் இன்னிக்கும் இருக்கு. கைதிகளை எடுக்கற மாதிரி இருக்காது. ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கிட்ட குடும்பப் படம் மாதிரி இருக்கும். கூடவே தலையோட அளவுகளையும் எடுத்து எழுதி வெச்சார். அப்படிப் பார்த்துக்கிட்டே வந்தப்போ ஒண்ணு அவர் கண்ணுல பட்டுது. வெவ்வேற வீட்டுலேர்ந்து வந்த சில பேர், ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவங்க மாதிரி ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப் போறாங்க. முகம் கொஞ்சம் தட்டை, கண் கொஞ்சம் சாய்வு, மூக்கு சின்னது. இது பிறவியிலேயே வர்றது, பிறந்த பிறகு அடிபட்டு வந்தது இல்லைன்னும் சொன்னார்.

அது வரைக்கும் எல்லாரையும் ஒரே மூட்டையில போட்டு இடியட்னு லேபிள் ஒட்டியிருந்தாங்க. இவங்க ஒரு தனி வகைன்னு தெளிவாப் பிரிச்சு எழுதினது ஜான்தான். 1866-ல வந்த கட்டுரை அது. நல்லா மிமிக்ரி பண்ணுவாங்க, நகைச்சுவை உணர்ச்சி அதிகம், முறையாப் பழக்கினா நல்லா முன்னேறுவாங்க, நாக்குக்குப் பயிற்சி கொடுத்தா பேச்சு தெளிவாகும்னு எல்லாம் அதுல இருக்கு. கூடவே வாழ்ந்து பார்த்தவரால மட்டும்தான் இப்படி எழுத முடியும்.

ஆனா அந்த வகைக்கு அவர் வெச்ச பேர் மங்கோலியன். ஐரோப்பியர்கள் உலகத்து மக்களை முகத்தையும் நிறத்தையும் வெச்சு இனம் இனமாப் பிரிச்சு அடுக்கி வெச்ச காலம். மேலே தங்களை வெச்சுக்கிட்டாங்கன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. அந்த அடுக்கை எடுத்துக்கிட்டு, இந்தக் குழந்தைங்க ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தாலும் மங்கோலிய இனத்தோட சாயல்ல பிறந்திருக்காங்கன்னு ஜான் எழுதினார். பெற்றோரோட காசநோய் இதுக்குக் காரணமா இருக்கலாம்னும் நினைச்சார். ரெண்டுமே தப்பு.

இதுல அவருக்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்துச்சு. அமெரிக்காவுல அடிமைமுறை பத்தின உள்நாட்டுப் போர் அப்பதான் முடிஞ்சிருந்துச்சு. கறுப்பின மக்கள் வேற உயிரினம், அதனால அடிமையா வெச்சிருக்கலாம்னு வாதாடின 'அறிவாளிகள்' அப்ப இருந்தாங்க. வெள்ளைக்கார அப்பா அம்மாவுக்கு வேற இனத்துச் சாயல்ல குழந்தை பிறக்கும்னா, மனுஷங்க எல்லாரும் ஒரே இனம்தான்னு ஆகுதேன்னு ஜான் தன் கட்டுரையை முடிச்சார். நோக்கம் நல்லது. ஆனா அதுக்காக எடுத்த ஏணியே இனவெறி ஏணி. ஒரே வார்த்தையில ஒரு நாட்டு மக்களையும் அவமானப்படுத்தினார், இந்தக் குழந்தைகளையும் அவமானப்படுத்தினார். கட்டுரையோட முடிவு மறந்து போச்சு. அந்த வார்த்தை மட்டும் நூறு வருஷம் டாக்டர்கள் வாயிலயும் தெருவுல திட்டறவங்க வாயிலயும் இருந்துச்சு.

ஒரு சின்ன தகவல். அதே 1866-லதான் மெண்டலோட பட்டாணிச் செடி ஆராய்ச்சியும் அச்சுல வந்துச்சு. ஜான் தேடின பதிலுக்கான வழி அந்தப் பக்கம் இருந்துச்சு. அன்னிக்கு யாரும் அதைக் கவனிக்கல, ஜான் மட்டும் எப்படிக் கவனிப்பார்?

சொந்தமா ஒரு வீடு, ஒரு மேடை

1867-ல பாரிஸ்ல பெரிய உலகக் கண்காட்சி. ஏர்ல்ஸ்வுட்ல இருந்தவங்க செஞ்ச பொருட்களை அங்க வைக்கணும்னு ஜானுக்கு ஆசை. அதுக்கான செலவுல நிர்வாகக் குழுவுக்கும் அவருக்கும் முட்டிக்கிச்சு. மேரியோட வேலைக்குச் சம்பளம் தர்றதுலயும் தகராறு. கடைசியில ராஜினாமா பண்ணிட்டார். பத்து வருஷம் கட்டி எழுப்பின இடத்தை விட்டு வெளியே வந்தார்.

1868-ல ஜானும் மேரியும் லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் நதிக்குப் பக்கத்துல டெடிங்டன் பகுதியில ஒரு வீட்டை வாங்கி தாங்களே ஆரம்பிச்சாங்க. நண்பர் ஒருத்தரோட பேரை வெச்சு நார்மன்ஸ்ஃபீல்ட்னு பேர் வெச்சாங்க. விரல் விட்டு எண்ணுற அளவு ஆட்களோட ஆரம்பிச்சது, அவர் இறக்கும்போது நூத்தம்பதுக்கு மேல. வசதியான குடும்பங்களோட பிள்ளைங்கதான் அங்க அதிகம், அதையும் சொல்லிடறேன். வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருக்கறதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவங்க பணம் கட்டி அங்க விட்டாங்க. ஜானும் மேரியும் அந்தப் பிள்ளைங்களுக்குக் குதிரை ஓட்டக் கத்துக் கொடுத்தாங்க, தோட்டம் போட வெச்சாங்க, இசை, நடனம், பேச்சுப் பயிற்சி கொடுத்தாங்க.

1879-ல அந்த வளாகத்துல ஒரு தியேட்டர் கட்டினாங்க. நாலு நாற்காலி போட்ட ஹால்னு நினைச்சுடாதீங்க. ஓவியம் வரைஞ்ச பலகைகள், மாத்தி மாத்தி இறக்கற திரைச்சீலைக் காட்சிகள், நிஜமான மேடை. லண்டன் தியேட்டர்ல இருக்கற மாதிரி. ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை, மத்த நாள்ல நாடகம், பாட்டு. வேலை செய்றவங்களும் அங்க தங்கியிருந்தவங்களும் சேர்ந்து பயன்படுத்தின இடம்.

மருத்துவ ரீதியா அந்த மேடைக்கு ஒரு தேவையும் இல்ல. யாரோட நோயும் அதனால குணமாகல. ஆனா பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி இவங்க நல்லா மிமிக்ரி பண்ணுவாங்க, சிரிக்க வைப்பாங்கன்னு எழுதின அதே மனுஷன், அதை ஒரு குறிப்பா மட்டும் விட்டுடாம அதுக்கு ஒரு இடம் கட்டினார். கட்டுரையில அவங்களைத் தப்பா வகைப்படுத்தினவர் தினசரி வாழ்க்கையில அவங்களைச் சரியாப் புரிஞ்சு வெச்சிருந்தார்னு எனக்குத் தோணுது. அதனாலதான் அவரை அந்தக் கட்டுரையை வெச்சு இல்லாம, சாப்பாட்டு மேசையையும் மேடையையும் வெச்சு ஞாபகம் வெச்சுக்கணும்னு சொல்றேன்.

பெண்கள் உயர்படிப்புக்காகவும் ஜான் பேசியிருக்கார். பொண்ணுங்க நிறைய படிச்சா குறையுள்ள குழந்தை பிறக்கும்னு அப்ப சில பேர் கிளப்பி விட்டாங்க. அது கட்டுக்கதைன்னு சொன்ன டாக்டர்கள்ல அவரும் ஒருத்தர். மேரி மாதிரி ஒருத்தங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவர் வேற எப்படிப் பேசியிருப்பார்?

1896 அக்டோபர் 7-ஆம் தேதி ஜான் இறந்தார். நாலு வருஷம் கழிச்சு மேரி. டாக்டருக்குப் படிச்ச ரெண்டு மகன்கள் ரெஜினால்டும் பெர்சிவலும் நார்மன்ஸ்ஃபீல்டை எடுத்து நடத்தினாங்க.

பேரன்

வாழ்க்கை வரலாறுன்னா இங்க முடிஞ்சிருக்கணும். ஆனா இதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை அதிகமா யோசிக்க வெச்சது.

1905-ல ரெஜினால்டுக்கு ஒரு பையன் பிறந்தான். தாத்தா பேரையே வெச்சாங்க, ஜான். அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். தாத்தா விவரிச்ச அதே நிலைமை, அவர் இறந்து ஒன்பது வருஷம் கழிச்சு, அவரோட சொந்தப் பேரனுக்கு. இனம் அது இதுன்னு எழுதின தாத்தா உயிரோட இருந்திருந்தா அந்த முகத்தைப் பார்த்து என்ன எழுதியிருப்பார்?

பேரன் ஜான், நார்மன்ஸ்ஃபீல்ட் வளாகத்துலேயே குடும்பத்தோட நிழல்ல வளர்ந்தார். 1970 வரைக்கும் வாழ்ந்தார். அறுபத்தஞ்சு வருஷம். இந்த எண்ணை அப்படியே தாண்டிப் போயிடாதீங்க. 1949 வாக்குல, டவுன் சிண்ட்ரோமோட பிறந்தவங்களோட சராசரி ஆயுள் சுமார் 12 வருஷம்தான்னு கணக்கிட்டிருந்தாங்க. 1983-ல கூட அமெரிக்காவுல சுமார் 25. இன்னிக்கு வளர்ந்த நாடுகள்ல சுமார் 60. நடுவுல அவங்களோட உடம்பு மாறிடல. கிட்டத்தட்ட பாதிக் குழந்தைங்களுக்குப் பிறவியிலேயே இதயத்துல கோளாறு இருக்கும். முன்னாடி அதுக்கு ஆபரேஷன் பண்ணுறதே வேஸ்ட்னு விட்டுட்டாங்க, இப்ப பண்ணுறாங்க. முன்னாடி காப்பகத்துல தள்ளி வெச்சாங்க, இப்ப வீட்டுல வளர்க்கறாங்க. அவ்வளவுதான் மாறினது. அவங்க சீக்கிரம் செத்ததுக்கு நாம அவங்களை நடத்தின விதமும் ஒரு காரணம்.

பேர் மாறின கதை

1956-லதான் மனுஷனோட செல்லுல 46 குரோமோசோம் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சது. மூணு வருஷத்துல, 1959-ல, பாரிஸ்ல ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் குழு டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு 47 இருக்குன்னு வெளியிட்டாங்க. 21-ஆவது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு. செல் பிரியறப்போ எதேச்சையா நடக்கற விஷயம். அம்மாவோட வயசு கூடக் கூட வாய்ப்பு கூடும், ஆனா எந்த வயசு அம்மாவுக்கும் நடக்கலாம். பிறக்கற 700, 800 குழந்தைகள்ல ஒண்ணுக்கு இருக்கும். எந்த இனம், எந்த நாடு, எந்த சாதின்னு பார்க்காது. கிரகணத்துல வெளியே போனதால வந்தது, அம்மா அதைச் சாப்பிட்டதால வந்ததுன்னு நம்ம ஊர்ல யாராவது சொன்னா, தயவு செஞ்சு அந்த இடத்துலேயே மறுத்துப் பேசுங்க. அந்த அம்மா அதைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்து போயிருப்பாங்க.

இனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தெரிஞ்ச பிறகு, 1961-ல விஞ்ஞானிகள் சில பேர் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழுக்கு, பழைய பேரை விடணும்னு கடிதம் எழுதினாங்க. கையெழுத்துப் போட்டவங்கள்ல ஜானோட இன்னொரு பேரன் நார்மனும் ஒருத்தர். தாத்தா வெச்ச பேரை நீக்கச் சொல்லி பேரனே கையெழுத்துப் போட்டார். அந்த இதழ் ஆசிரியர் தேர்ந்தெடுத்த புதுப் பேர்தான் டவுன் சிண்ட்ரோம். 1965-ல மங்கோலியா நாடு கேட்டுக்கிட்டதால உலக சுகாதார நிறுவனமும் பழைய பேரைக் கைவிட்டுடுச்சு.

நார்மன்ஸ்ஃபீல்டும் நல்லபடியாவே இருந்துடல. 1951-ல அரசு மருத்துவச் சேவைக்குப் போச்சு. வருஷம் போகப் போக நிலைமை கெட்டு, 1976-ல அங்க வேலை செஞ்ச நர்ஸ்களே ஸ்டிரைக் பண்ணினாங்க. பெரிய விசாரணை நடந்துச்சு. 1997-ல மூடிட்டாங்க. எவ்வளவு நல்ல மனசோட கட்டினாலும் ஊருக்கு வெளியே தனியா கட்டின இடம்தானே. உள்ள என்ன நடக்குதுன்னு ஊருக்குத் தெரியாது. நல்லவர் ஒருத்தர் இருக்கற வரைக்கும் ஓடும், அவர் போனா அவ்வளவுதான். ஜானால போக முடியாத தூரம் அது. அவர் உள்ளே ஒரு மேடை கட்டினார். ஊருக்குள்ள இருக்கற மேடையில அவங்களுக்கு இடம் வாங்கிக் கொடுக்க அவரால முடியல.

அந்தத் தியேட்டர் இன்னிக்கும் இருக்கு. புதுப்பிச்சு வெச்சிருக்காங்க. அதே கட்டடத்துல இப்ப டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கான சங்கம் இயங்குது, புல்லனோட கப்பலும் அங்கதான் இருக்கு.

நம்ம மேடை

இப்ப நம்ம காலேஜுக்கு வர்றேன். மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21-ஆவது குரோமோசோம் மூணு இருக்கறதால 21-ஆம் தேதி, மூணாவது மாசம். 2012-லேர்ந்து ஐ.நா. சபையே அதைக் கடைப்பிடிக்குது. அன்னிக்கு ஜோடி சேராத சாக்ஸ் போட்டு ஸ்டோரி வைக்கறது இப்ப டிரெண்ட். போடுங்க, தப்பில்ல. ஆனா நம்ம கல்ச்சுரல்ஸும் அதே மாசம்தான் வருது. போன வருஷம் கமிட்டி மீட்டிங்ல அந்தப் பள்ளியிலேர்ந்து ஒரு டீமைக் கூப்பிடலாமான்னு ஒரு பொண்ணு கேட்டா. கூட்டமா இருக்கும், சத்தம் ஜாஸ்தி, அவங்க எப்படி நடந்துக்குவாங்கன்னு தெரியாதேன்னு ஒருத்தர் சொன்னார். சரி, முதல் வரிசையில சீட் போட்டு கௌரவிச்சுடலாம்னு இன்னொருத்தர். அதோட பேச்சு முடிஞ்சது. நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். வாயைத் திறக்கல.

அப்ப எனக்கு இந்தக் கதை தெரியாது. இப்ப தெரியும். கத்தியைக் கையில கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்ச அதே யோசனைதான் அன்னிக்கு அந்த ரூம்ல நடந்துச்சு. அதனால இந்த வருஷம் கமிட்டியில இருக்கற ஜூனியர்ஸ்கிட்ட ஒண்ணு கேக்கறேன். முதல் வரிசை சீட் வேண்டாம், நினைவுப் பரிசு வேண்டாம். குரூப் டான்ஸ்ல ஒரு ஸ்லாட். எல்லா டீமுக்கும் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். அதே மைக், அதே லைட், அதே ஜட்ஜ். நல்லா ஆடினா விசில் அடிங்க, சொதப்பினா நம்ம டிபார்ட்மெண்ட் டீமை ஓட்டற மாதிரியே ஓட்டுங்க. பாவம்னு கை தட்டாதீங்க.

இன்னொண்ணும் இருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தனைக் கலாய்க்க நாம சர்வசாதாரணமா போடற வார்த்தைகள் இருக்கே, மெண்டல், லூசு, அப்புறம் அந்த இடியட். ஒரு காலத்துல யாரையோ பூட்டி வெச்ச கட்டடத்தோட போர்டுல இருந்த வார்த்தையும் அதுல ஒண்ணு. இனிமே டைப் பண்ணும்போது அந்த போர்டு ஒரு செகண்ட் ஞாபகம் வந்தா போதும்.

நான் ஃபைனல் இயர். கல்ச்சுரல்ஸ் முடிஞ்சதும் கிளம்பிடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை பாக்கி இருக்கு, ஒரு வருஷம் லேட்டு. இந்த சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு மெயின் கேட்லேர்ந்து பஸ் பிடிக்கறேன். பேனர் கிடையாது, ஃபோட்டோ கிடையாது. டான்ஸ் டீமைப் பத்தி பேசிட்டு வரணும். யாராவது கூட வர்றீங்கன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அந்த அண்ணன் டீ, பிஸ்கட் எல்லாம் எண்ணித்தான் வைப்பார்.